தமிழ் தெரிந்த தீவு

செவ்வாய்க்கிழமை காலை எட்டே முக்காலுக்கு உமாமகேஸ்வரி 'நம்ம வீடு' என்ற வாட்ஸ்அப் குழுவிலிருந்து வெளியேறினாள். குழுவில் இருந்ததே மூன்று பேர்தான். அவள், அவளுடைய அப்பா பூமிநாதன், அம்மா முருகலட்சுமி. மகள் கோயம்புத்தூரில் இன்ஜினியரிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள், விடுதியில் இருக்கிறாள். மற்ற இருவரும் ராமநாதபுரம் பாரதி நகரில் ஒரே வீட்டில் இருக்கிறார்கள். ஒரே வீட்டில் இருக்கிற இரண்டு பேருக்கு எதற்கு வாட்ஸ்அப் குழு என்று கேட்பவர்களுக்கு அந்த வீட்டைப் பற்றித் தெரியாது.

பூமிநாதனும் முருகலட்சுமியும் நேருக்கு நேர் பேசி ஆறு வருஷமாகிறது.

காரணம் ஒன்றும் பெரிய காரணமில்லை. உமாவுக்குச் சடங்கு வைத்த வருஷம் முருகலட்சுமியின் அண்ணன் யோகேஸ்வரனுக்கு மிளகாய் விவசாயம் காலை வாரிவிட்டிருந்தது. தாய்மாமன் சீர் குறைந்து தெரியக் கூடாதே என்று அவன் பழத்தையும் பிஸ்கட் பாக்கெட்டுகளையும் தட்டுத் தட்டாகப் பரப்பிக் கொண்டுவந்தான். பந்தலில் நாலு பேர் கேட்க, "மாமன் சீரா, மளிகைக் கடையா மாப்ள?" என்று பூமிநாதன் சிரித்துவிட்டார். யோகேஸ்வரன் பந்தியில் உட்காராமல் வெளியேறினான். அன்று சாயங்காலம் அடுப்படியில் வைத்து முருகலட்சுமி சொன்னாள்: "எங்கண்ணன் பசியோட போயிருக்கான். இனிமே எங்கூடப் பேசாதீக. நீங்களா வந்து பேசினாலும் நான் பேச மாட்டேன்." பூமிநாதன் கேட்டுக்கொண்டார். சொன்ன சொல்லை அப்படியே எடுத்துக்கொள்ளும் மனுஷர் அவர்.

அடுத்த பொங்கலுக்குள் மாமனும் மச்சானும் ராசியாகிவிட்டார்கள். வண்டிக்காரத் தெருவில் பூமிநாதனுக்கு விதை, உரம், பூச்சிமருந்துக் கடை. யோகேஸ்வரன் அங்கேதான் விதை வாங்குகிறான், அங்கேயே உட்கார்ந்து டீ குடிக்கிறான், மத்தியானம் தங்கச்சி வீட்டுக்கு வந்து இரண்டு தரம் குழம்பு கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறான். அவமானப்பட்டவனுக்கே மறந்துபோன விஷயத்தை இவர்கள் இருவரும் பத்திரமாக வைத்துக்கொண்டிருந்தார்கள்.

உமா வீட்டில் இருந்தவரை ஒரு சிக்கலும் இல்லை. "அப்பாட்ட சொல்லு, கேஸ் தீர்ந்துருச்சு." "அம்மாட்ட சொல்லு, கல்யாணத்துக்குப் போகணும், ரெடியா இருக்கட்டும்." பிள்ளை நடுவில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தலையைத் திருப்பிக்கொண்டே வளர்ந்தது. அவள் கோயம்புத்தூர் போனபின் வாட்ஸ்அப் வந்து காப்பாற்றியது. பூமிநாதன் முன்னறையில் உட்கார்ந்து, 'உமா, அம்மாவை வாசல் விளக்கைப் போடச் சொல்' என்று எழுதுவார். அடுப்படியில் இருக்கும் முருகலட்சுமி அதைப் படித்துவிட்டு விளக்கைப் போடுவாள். நடுவில் உமா ஒரு கட்டைவிரலை மட்டும் அனுப்புவாள். அவள் வகுப்பில் இருந்தாலும், பேருந்தில் இருந்தாலும், காய்ச்சலில் படுத்திருந்தாலும் அந்தக் கட்டைவிரல் வந்துவிடும்.

இந்த ஏற்பாட்டைக் கெடுத்தது ஒரு பூச்சிமருந்துக் கம்பெனி. மாவட்டத்திலேயே அதிகம் விற்ற கடைக்காரருக்கு மனைவியோடு ஐந்து நாள் வெளிநாட்டுத் தீவில், கடற்கரைச் சொகுசு ரிசார்ட்டில் தங்க இலவசம் என்று அறிவித்தது. பூமிநாதன் முதலாவதாக வந்துவிட்டார். மாலத்தீவு, மொரீசியஸ், பாலி. மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து, புருஷன் பெண்டாட்டி இருவரும் கையெழுத்துப் போட்டு, புதன்கிழமை மாலை ஐந்து மணிக்குள் பயண ஏஜென்சி வழியாக அனுப்ப வேண்டும். தவறினால் இரண்டாவதாக வந்த பரமக்குடிக்காரருக்குப் போய்விடும்.

பத்து நாளாகக் குழுவில் இதே பேச்சு. 'உமா, அம்மாவுக்கு எந்தத் தீவு என்று கேள்.' 'உமா, அப்பா எதைச் சொல்கிறார்கள்?' 'உமா, அம்மா சொல்வதுதான்.' 'உமா, அப்பா இஷ்டம்.' செவ்வாய்க்கிழமை காலை உமா எழுதினாள்: 'நாளைக்கு எனக்குப் பரீட்சை. தேனிலவுக்குப் போகப்போறது நானில்லை, நீங்க. நீங்களே பேசி முடிவு பண்ணுங்க.' எழுதிவிட்டுப் போயே போய்விட்டாள்.

முருகலட்சுமி அந்தச் செய்தியை மூன்று முறை படித்தாள். குழுவில் இப்போது இரண்டு பேர்தான். அதில் எதை எழுதினாலும் அது நேரே அவரிடம் பேசியதாகிவிடும். மகளுக்குப் போன் போட்டாள். எடுக்கவில்லை. மறுபடி போட்டாள். அணைத்து வைத்திருந்தாள் கள்ளி.

அவளால் ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. துவைத்த துணியை மடித்தாள், மடித்ததையே பிரித்து மறுபடி மடித்தாள். வாசலுக்குப் போய்த் தெருவைப் பார்த்துவிட்டு வந்தாள். பத்து நாளாகப் பார்த்துக்கொண்டிருக்கிற படங்களையே மறுபடி திறந்தாள். மாலத்தீவு ரிசார்ட்டில் தண்ணீருக்கு மேலே கால் நட்டு வீடு கட்டியிருந்தார்கள். தரையில் கண்ணாடி, கண்ணாடிக்குக் கீழே மீன். மொரீசியஸில் ஆள் உயரக் கரும்பு, அதற்குப் பின்னால் மலை, மலைக்குப் பின்னால் கடல். பாலியில் குளியலறைக்குக் கூரையே இல்லை. பம்புசெட்டில் குளித்து வளர்ந்தவளுக்கு அதில் பெரிய ஆச்சரியம் ஒன்றும் இல்லை. ஆனால் தொட்டி நிறைய ரோசாப்பூ மிதக்கவிட்டிருந்தார்கள். மூன்றிலும் ஒரே மாதிரிக் கட்டில். கட்டிலின் மேல் துண்டை இரண்டு அன்னப்பறவைகளாக மடித்து, மூக்கோடு மூக்கு ஒட்டி வைத்திருந்தார்கள். அந்தப் படம் வரும்போதெல்லாம் சட்டென்று தள்ளிவிடுவாள்.

அவளுக்குப் போக ஆசை. அதை மறைப்பதில் அர்த்தமில்லை. நாற்பத்து நாலு வயதில் அவள் தங்கியிருக்கும் ஒரே விடுதி திருச்செந்தூரில் ஒரு லாட்ஜ், அதுவும் பதினோரு பேரோடு ஒரே அறையில். ராமேஸ்வரம் கடலில் ஆடி அமாவாசைக்கு முழுகி எழுந்திருக்கிறாளே தவிர, கடலை வெறுமனே உட்கார்ந்து பார்த்தது கிடையாது. ஆனால் ஐந்து நாள், நாலு பக்கமும் தண்ணீர், ஒரே அறை, நடுவில் உமா இல்லை. 'அந்தத் துண்டை எடுங்க' என்று யாரிடம் சொல்வது? அறைச் சாவி யாரிடம் இருக்கிறது என்று யாரைக் கேட்பது?

பத்தரை மணிக்கு அவளுக்கு ஒரு யோசனை வந்தது. கேணிக்கரையில் இருக்கும் பயண ஏஜென்சிக்குப் போன் போட்டாள். அங்கே ஜுமானா என்று கீழக்கரைப் பெண், இருபத்தெட்டு வயதிருக்கும், வாய் ஓயாது.

"ஜுமானா, ஒண்ணு கேக்கணும். இந்த மூணு தீவுலயும் தமிழ் தெரிஞ்ச ஆளுக இருக்காகளா?"

"இங்கிலீசு பத்தி யோசிக்காதீங்கக்கா. சைகை காட்டுனாலே போதும், அவங்களே எல்லாம் செஞ்சுருவாங்க."

"அது இல்லம்மா. ரிசார்ட்டுக்குள்ள, நாங்க தங்குற எடத்துல, தமிழ் பேசுற ஆளு வேணும். கூப்பிட்டா வர்ற மாதிரி."

ஜுமானா ஒரு நிமிஷம் தட்டச்சு செய்யும் சத்தம் கேட்டது. "மொரீசியஸ்ல பேரெல்லாம் நம்ம பேரா இருக்கும்க்கா. காவடிகூட எடுப்பாங்களாம். ஆனா நம்ம அளவுக்குப் பேச்சு வராதுன்னு போய்ட்டு வந்தவங்க சொல்றாங்க. பாலி ரிசார்ட்ல விசாரிச்சுட்டேன், ஒருத்தர்கூட இல்ல. மாலத்தீவுன்னா கவலையே வேணாம். தொண்டிக்காரர் ஒருத்தரு, பாக்கர்னு பேரு, அந்த ரிசார்ட் சாப்பாட்டுக் கூடத்துல ஆறு வருஷமா இருக்காரு. எங்க மச்சானுக்குத் தெரிஞ்சவருதான்."

"அப்ப மாலத்தீவே போட்டுரு," என்றாள் முருகலட்சுமி. அவ்வளவு வேகமாக அவள் எதையும் தீர்மானித்ததில்லை.

போனை வைத்தபின் முகம் தெரியாத அந்தப் பாக்கர் மீது அவளுக்குப் பாசமே வந்துவிட்டது. வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தட்டோடு நிற்பான். 'தம்பி, சாருக்குச் சட்னி வேணுமான்னு கேளு' என்றால் கேட்டுச் சொல்வான். 'சார், சாயங்காலம் கடற்கரைக்குப் போகலாமான்னு அக்கா கேக்கறாங்க' என்பான். ஐந்து நாளும் அவனை விடாமல் பிடித்துக்கொண்டால் தப்பித்துவிடலாம். ஊருக்குத் திரும்பும்போது அவனுக்கு ஒரு சட்டை வாங்கிக் கொடுக்க வேண்டும் என்றுகூட நினைத்தாள். அந்த ஒன்றரை மணி நேரம் மட்டும் அவள் காலில் சக்கரம் இல்லாமல் இருந்தாள்.

பன்னிரண்டு மணிக்கு ஜுமானாவே கூப்பிட்டாள்.

"அக்கா, கோச்சுக்காதீங்க. சார்கிட்ட மாலத்தீவு உறுதிதானேன்னு கேட்டேன். வேணாங்கறாரு."

"ஏனாம்?"

"அங்க தமிழ் ஆளு இருக்காங்களான்னு கேட்டாரு. ஆமா சார், தொண்டிக்காரரே இருக்காருன்னு சந்தோசமாச் சொன்னேன். அப்ப வேணாம்மா, தமிழ் தெரிஞ்ச ஆளு ஒருத்தர்கூட இல்லாத எடமாப் பாருன்னுட்டாரு. நீங்க ஆளு வேணுங்கறீங்க, அவரு ஆளே கூடாதுங்கறாரு. வீட்ல ரெண்டு பேரும் பேசிக்கிறதே இல்லையாக்கா?"

பாவம், அந்தப் பெண் விளையாட்டாகத்தான் கேட்டாள். முருகலட்சுமி போனை வைத்துவிட்டாள்.

தமிழ் தெரிந்த ஆள் ஒருவர்கூட இருக்கக் கூடாதாம். ஏன்? தன் பக்கத்தில் இவள் நிற்பதை நம்ம ஊர்க்காரன் எவனும் பார்த்துவிடக் கூடாது, அதற்குத்தானே? இவள் சேலைக் கட்டும், கண்ணாடித் தரையில் கால் வைக்கப் பயந்து நிற்கிற நிற்பும் தொண்டிக்குத் தெரிந்தால் ராமநாதபுரத்துக்குத் தெரிய எத்தனை நேரம்? இல்லையென்றால், அங்கே போய் இவளை அறையில் விட்டுவிட்டு அவர் பாட்டுக்குச் சுற்றப்போகிறார். கேட்க நாதி இருக்கக் கூடாது. கத்திரிக்காயை அளவில்லாமல் நறுக்கித் தள்ளினாள். ஆறு வருஷம் பேசாமல் இருந்தது வலித்ததில்லை, இது வலித்தது.

ஒன்றரை மணிக்கு வாசலில் வண்டி ஹார்ன் இரண்டு தரம் அடித்தது. கதவைத் திற என்று அர்த்தம். அந்த வீட்டில் பேச்சு இல்லையே தவிர சத்தத்துக்குக் குறைவில்லை. இலை போட்டிருக்கிறது என்றால் டம்ளரை ணங்கென்று வைப்பாள். இன்னும் சோறு வேண்டுமா என்றால் கரண்டியால் குண்டானை இரண்டு தட்டு, குழம்பு என்றால் ஒரு தட்டு. போதும் என்றால் அவர் கையைக் குறுக்கே வைப்பார். அன்று அவள் டம்ளரை வைத்த வேகத்தில் தண்ணீர் பாதி இலையில் சிந்தியது.

பூமிநாதன் இலையைத் துடைத்தார். சாப்பிட்டுக்கொண்டே போனை எடுத்துப் பார்த்தார். குழுவைத்தான் திறந்திருக்கிறார் என்று அவளுக்கு நின்ற இடத்திலிருந்தே தெரிந்தது. ஏதோ எழுதினார், அழித்தார். மறுபடி எழுதினார், அதையும் அழித்தார். அவள் கையிலிருந்த போனில் அவர் எழுதிக்கொண்டிருப்பதாகக் காட்டியது, பிறகு நின்றது, பிறகு காட்டியது. நாலடி தூரத்தில் உட்கார்ந்திருக்கும் மனுஷன் என்ன எழுதப்போகிறார் என்று அவள் போனையே பார்த்துக்கொண்டு நின்றாள். ஒன்றும் வரவில்லை. அவர் கையைக் கழுவிவிட்டுக் கடைக்குப் போய்விட்டார்.

'உங்களுக்கு எங்கூட வர வெக்கமா இருந்தா பரமக்குடிக்காரனுக்கே குடுத்துருங்க' என்ற வாக்கியம் அவள் தொண்டையில் முழுசாகத் தயாராக இருந்தது. அதைச் சொல்ல ஆள்தான் இல்லை. அன்றைக்கு மீதி நாள் முழுக்க அந்த வாக்கியத்தைத் தூக்கிக்கொண்டு அறைக்கு அறை நடந்தாள்.

புதன்கிழமை மூன்றரைக்கு ஏஜென்சிக்கு இருவரும் வந்தார்கள். அவர் கடையிலிருந்து வண்டியில், அவள் வீட்டிலிருந்து ஷேர் ஆட்டோவில். ஜுமானாவின் மேசைக்கு முன்னால் இரண்டு நாற்காலிகள் ஒட்டிக் கிடந்தன. முருகலட்சுமி தன்னுடையதைக் கொஞ்சம் நகர்த்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

ஜுமானா கம்ப்யூட்டர் திரையை அவர்கள் பக்கம் திருப்பினாள். மூன்று ரிசார்ட்டும் வரிசையாக நின்றன. "சார், நீங்க சொன்ன கணக்குக்குப் பாலிதான். அக்கா சொன்னதுக்கு மாலத்தீவு. ரெண்டுக்கும் நடுவுல மொரீசியஸ். எதப் போடட்டும்?"

"அவளக் கேட்டுக்கம்மா," என்றார் பூமிநாதன்.

"அவுக சொல்றதையே போடு," என்றாள் முருகலட்சுமி.

"சார்தான் உங்களக் கேக்கச் சொல்றாருக்கா."

"எனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லும்மா."

ஜுமானா அவரைப் பார்த்தாள், இவளைப் பார்த்தாள். வீட்டில் இருந்தவரை உமா திருப்பிய அதே தலை. முருகலட்சுமிக்கு அதைப் பார்க்கச் சங்கடமாக இருந்தது. கோயம்புத்தூரில் இந்நேரம் பரீட்சை எழுதிக்கொண்டிருக்கும் பிள்ளையை நினைத்துக்கொண்டாள். எத்தனை தரம், எத்தனை ஆயிரம் தரம் அந்தக் கழுத்து இப்படித் திரும்பியிருக்கும்? ஒரு நாள்கூட வலிக்கிறது என்று சொன்னதில்லை.

"அஸர் தொழுகைக்கு நேரமாச்சு," என்று ஜுமானா எழுந்தாள். "உள்ள போய்த் தொழுதுட்டுப் பத்து நிமிஷத்துல வாரேன். அதுக்குள்ள முடிவு பண்ணி வைங்க. அஞ்சு மணிக்கு மேல கம்பெனியில எடுத்துக்க மாட்டாங்க." முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டு, பின்னறைக் கதவைச் சாத்திக்கொண்டாள்.

மின்விசிறி சுற்றியது. வெளியே ஒரு பேருந்து ஊரையே கூட்டுகிற மாதிரி ஹார்ன் அடித்துக்கொண்டு போனது. பூமிநாதன் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தார், மூடியைக் கழற்றினார், மாட்டினார். முருகலட்சுமி திரையில் இருந்த துண்டு அன்னங்களைப் பார்க்காமல் இருக்கச் சுவரில் காலண்டரைப் பார்த்தாள். நிமிஷம் போய்க்கொண்டிருந்தது. நேற்றிலிருந்து தூக்கிச் சுமந்த வாக்கியம் இப்போது வாய்க்கு வந்தது. ஆனால் வெளியே வந்தது வேறாக இருந்தது.

"உங்களுக்கு எங்க போகணும்?"

அவளுடைய குரல் அவளுக்கே அந்நியமாக, கரகரவென்று கேட்டது.

பூமிநாதன் நிமிர்ந்தார். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்த ஜுமானாவின் நாற்காலியைப் பார்த்து, "அவளுக்கு எது புடிக்குதோ அதுக்கே போகலாம்னு சொல்லும்மா," என்றார்.

நாற்காலியில் யாரும் இல்லை.

"அந்தப் புள்ள தொழுகப் போயிருச்சு," என்றாள் முருகலட்சுமி. "எங்கிட்டச் சொல்லுங்க."

அவர் மெதுவாகத் திரும்பினார். மீசை முழுக்க நரைத்திருந்தது. தினம் பார்க்கிற முகம்தான். ஆனால் அது தன்னைப் பார்த்துத் திரும்பி எத்தனை நாளாயிற்று என்று அவளுக்கு அப்போதுதான் உறைத்தது.

"தமிழ் ஆளே கூடாதுன்னீகளாமே," என்றாள். பேச ஆரம்பித்தபின் நிறுத்த முடியவில்லை. "எங்கூட நிக்கிறத நம்ம ஊர்க்காரன் பாத்துட்டா உங்களுக்கு அம்புட்டு வெக்கமா? அப்படின்னா எதுக்கு இந்தக் கையெழுத்து, காலெழுத்து எல்லாம்?"

"வெக்கமா?" பூமிநாதனுக்கு நிஜமாகவே புரியவில்லை. பேனாவை மேசைமேல் வைத்தார். "அந்தத் தொண்டிக்காரன் அங்கன இருந்தா நீ அஞ்சு நாளும் அவன்கிட்டயே பேசிட்டு ஊருக்கு வந்துருவ. ஒருத்தனும் இல்லேன்னா, ஒரு நாளாச்சும் எங்கிட்ட ஏதாச்சும் கேக்க மாட்டியான்னு பாத்தேன். தண்ணியாச்சும் கேப்பேல்ல."

முருகலட்சுமிக்குக் கண் முட்டிக்கொண்டு வந்தது. அழுகையா கோபமா என்று பிரிக்க அவளுக்கு நேரமில்லை. "அதுக்குத் தீவுக்கா போகணும்? வீட்டுலயே பேசிருக்கலாம்ல?"

"நீதான பேசாதீகன்னு சொன்ன."

"ஆறு வருசத்துக்கா சொன்னேன்? அன்னைக்குக் கோவத்துல சொன்னேன்!"

"எத்தன நாளைக்குன்னு நீ சொல்லலையே," என்றார் பூமிநாதன்.

கிண்டல் இல்லை. குத்தலும் இல்லை. கடையில் மருந்து டப்பாவைத் திருப்பி, எத்தனை நாளைக்கு ஒரு தரம் தெளிக்க வேண்டும் என்று படித்துச் சொல்கிற அதே குரல். அவர் நிஜமாகவே காத்துக்கொண்டிருந்திருக்கிறார். ஒவ்வொரு நாளும் ஹார்னை இரண்டு தரம் அடித்துவிட்டு, இன்றைக்குச் சொல்வாளா என்று பார்த்துக்கொண்டே உள்ளே வந்திருக்கிறார். அவளோ, அவருக்குப் பேச இஷ்டமில்லை என்று முடிவு கட்டிக்கொண்டு டம்ளரை ணங்கென்று வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டாயிரத்துச் சொச்சம் நாள். அவள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு சத்தமாகவே அழுதாள். பூமிநாதனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. நாற்காலியைக் கொஞ்சம் கிட்டே இழுத்துப் போட்டார்.

"எங்கண்ணன்கிட்ட அன்னைக்கு நீங்க அப்படிச் சொல்லிருக்கக் கூடாது," என்றாள் முந்தானைக்குள்ளிருந்தே.

"கூடாதுதான். மறுநாளே அவன் வீட்டுக்குப் போயித் தப்புன்னு சொன்னேன்."

"எங்கிட்டச் சொல்லலயே?"

"ஒங்கிட்டத்தான் பேசக் கூடாதே."

அவள் முகத்திலிருந்து முந்தானையை எடுத்தாள். "மறுநாளேவா போனீக? அவனும் எங்கிட்டச் சொல்லல பாருங்க! வரட்டும், இனிமே குழம்பு கேட்டு வரட்டும் அவன். என்ன சொன்னான் அன்னைக்கு? சாப்பிடச் சொன்னானா? நீங்க சாப்பிட்டீகளா?"

"உப்புமா."

"உப்புமாவா போட்டா எங்கண்ணன் பொண்டாட்டி!"

பின்னறைக் கதவு திறந்தது. ஜுமானா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே வந்து நாற்காலியில் உட்கார்ந்து, மவுஸைக் கையில் எடுத்தாள். "சொல்லுங்க சார், எந்தத் தீவு?"

பூமிநாதன் பழக்கதோஷத்தில் அவளிடம் ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். முருகலட்சுமி திரும்பிக்கூடப் பார்க்காமல் ஜுமானாவை நோக்கிக் கையை நீட்டித் தடுத்தாள்.

"செத்த இரும்மா. நாங்க பேசிக்கிட்டிருக்கோம்."